எரிந்த மலை தானாக மீளுமா? விக்ரோரியாவின் காடுகளும் எமது தண்ணீர்க் கட்டணமும்

அவுஸ்திரேலியாவில் கோடை தொடங்கியதும் இரண்டு கருத்துகள் மாறி மாறிக் காதில் விழும். "இந்த நாட்டுக் காடு எரியப் பிறந்த காடு, எரிந்தால் மறுபடி முளைக்கும், பயப்பட ஒன்றுமில்லை" என்பது ஒன்று. "எல்லாம் எரிந்து சாம்பலாகிவிட்டது, இனி எதுவும் மிஞ்சாது" என்பது மற்றது. 2024 டிசம்பரில் மேற்கு விக்ரோரியாவின் கிராம்பியன்ஸ் மலைத்தொடர் வாரக்கணக்கில் எரிந்தபோதும் இந்த இரண்டையும்தான் கேட்டோம். வானொலியில் கேட்டோம், பாராளுமன்ற விவாதத்தில் கேட்டோம், எமது கோயில் மண்டபங்களில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோதும் கேட்டோம்.

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எரிந்த மலை மீளுமா என்பதற்கான பதில் மூன்று விடயங்களில் தங்கியுள்ளது. எரிந்தது எந்த மரம்? அது மலையின் எந்த உயரத்தில் நிற்கிறது? கடைசியாக அந்த இடம் எரிந்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன? முதல் இரண்டையும் தாவரவியலாளர்கள் சொல்வார்கள். மூன்றாவது ஒரு சாதாரணக் கழித்தல் கணக்கு. அரசியல்வாதிகள் அதிகம் பேசாததும் அதுதான். எங்களைப் போல நாளாந்தம் மற்றவர்களின் வரவு செலவைப் பார்த்துப் பிழைப்பவர்களுக்கு அந்தக் கழித்தல் கணக்குத்தான் உறுத்துகிறது. அதனால் இதை எழுதுகிறோம்.

மீளும் வழிகள்

போர்க்காலத்தில் வடக்கில் வாழ்ந்தவர்களுக்குத் தலையற்ற பனைகளை நினைவிருக்கும். செல் விழுந்து வட்டுப் போன பனை பிறகு துளிர்த்ததில்லை. காரணம் எளிது. பனைக்குக் குருத்து ஒன்றுதான். அது போனால் பக்கத்தால் கிளை விட அதற்கு வேறு மொட்டுக் கிடையாது.

யூக்கலிப்டஸ் மரங்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறானவை. அவற்றின் தடித்த பட்டைக்குக் கீழே, அடிமரம் முழுவதும் உறங்கும் மொட்டுகள் மறைந்திருக்கின்றன. தீ இலைகளையெல்லாம் தின்றபின் அந்த மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. கரிக்கட்டையாக நிற்கும் மரம் சில வாரங்களில் உடம்பெல்லாம் பச்சை மயிர் முளைத்ததுபோல நிற்பதை இங்கே தீக்குப் பின் வீதியோரங்களில் பலரும் கண்டிருப்போம். இது முதல் வழி.

இரண்டாவது வழி மண்ணுக்கடியில் இருக்கிறது. சில இனங்களின் அடியில் மரக்கிழங்கு போன்ற ஒரு வீக்கம் உண்டு. மேலே மரம் முழுதாகச் செத்தாலும் அந்தக் கட்டையிலிருந்து புதிய தண்டுகள் கிளம்பும். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் நீலகிரியிலும் விறகுக்காக யூக்கலிப்டஸை நட்டதற்கு ஒரு காரணம், அடியோடு வெட்டினாலும் அடிக்கட்டை திரும்பத் துளிர்ப்பதுதான். அங்கே கோடரிக்குப் பதில் சொல்லும் அதே குணம் இங்கே தீக்குப் பதில் சொல்கிறது.

மூன்றாவது வழி விதை. பாங்க்சியா இனங்கள் பலவற்றின் கட்டையான காய்கள் தீயின் சூட்டில்தான் வாய் திறக்கும். புல்மரம் என்று இங்கே சொல்லப்படும் செடி, தீக்கு அடுத்த ஆண்டில் நெடிய பூந்தண்டுகளை ஏராளமாக நீட்டும். கிராம்பியன்ஸ் போன்ற மலைகளில் எரிந்த மறுவசந்தத்தில் பூப்பார்க்கப் போகிறவர்கள் உண்டு. "எரிந்தால் முளைக்கும்" என்ற நம்பிக்கை இந்தக் காட்சிகளிலிருந்து வந்தது. அந்த அளவில் அது சரி.

மிக உயர்ந்த மரத்துக்கு ஒரே வழி

ஆனால் மெல்பேர்ணின் வடகிழக்கே ஹீல்ஸ்வில், வோர்பேர்ட்டன், மேரிஸ்வில் பக்கம் போகும்போது வீதியின் இருபுறமும் தூண்கள்போல எழுந்து நிற்கும் மரங்கள் வேறு வகை. மவுண்டன் ஆஷ் என்பது அவற்றின் பெயர். உலகின் மிக உயரமான பூக்கும் தாவரங்களில் இதுவும் ஒன்று. தஸ்மேனியாவில் இந்த இனத்து மரமொன்று 100 மீற்றரைத் தொடுகிறது. இவ்வளவு பெரிய மரத்துக்கு மேற்பகுதிப் பட்டை மெல்லியது. அடியில் மரக்கிழங்கும் கிடையாது. கடுந்தீ வந்தால் இது சாகும். பனையைப் போல, பட்டையிலிருந்து துளிர்த்து மீளும் வல்லமை இதற்கில்லை.

இதன் ஒரே வழி விதை. உச்சிக்கிளைகளில் சிறு கட்டைக் காய்களுக்குள் விதைகளை வைத்திருக்கிறது. தீ மரத்தைக் கொல்லும்போது அந்தக் காய்கள் காய்ந்து திறந்து, ஆறிய சாம்பல் படுக்கையில் விதையைக் கொட்டுகின்றன. கீழே நிழல் தந்த செடிகள் எரிந்துபோயிருக்கும், வெயில் விழும், சாம்பலில் சத்திருக்கும். ஒரு ஹெக்டேயரில் இலட்சக்கணக்கான கன்றுகள்கூட முளைக்கலாம். அவை ஒன்றையொன்று நெருக்கி, ஆண்டுக்காண்டு குறைந்து, முதிர்ந்த காட்டில் சில பத்து மரங்களே மிஞ்சும்.

1939 ஜனவரி 13ஆம் திகதி, "கறுப்பு வெள்ளி" என்று இன்றும் அழைக்கப்படும் நாளில், விக்ரோரியாவின் மலைக்காடுகள் எரிந்தன. அந்தக் கோடையில் 71 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 20 இலட்சம் ஹெக்டேயர் எரிந்தது. நீதிபதி லெனார்ட் ஸ்ரெற்றன் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, தீயை மூட்டியது மனிதக் கைகளே என்று முடிவு சொன்னது. மத்திய மலைநாட்டில் இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ஆஷ் மரங்களில் பெரும்பாலானவை அந்தத் தீக்குப் பிறகு ஒரே காலத்தில் முளைத்தவை. அதாவது தீ அந்தக் காட்டை அழிக்கவில்லை, வயதைத்தான் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தது.

எழுபது ஆண்டுகள் கழித்து, 2009 பெப்ரவரி 7ஆம் திகதி "கறுப்புச் சனி" வந்தது. 173 உயிர்கள் போயின. மேரிஸ்வில் ஊர் ஏறக்குறைய முழுமையாக அழிந்தது. கிங்லேக் அருகே வொலபி கிறீக் நீர்ப்பிடிப்பில் ஏறக்குறைய 300 வயதான ஆஷ் மரங்களும் செத்தன. ஆனாலும் 1939இன் பிள்ளைகள் எழுபது வயதில் நிறைய விதை வைத்திருந்தன. எரிந்த சரிவுகளில் கன்றுகள் அடர்ந்து வந்தன. குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குப் பனி காட்ட லேக் மவுண்டனுக்குக் காரோட்டிப் போகிறவர்கள், எலும்புபோல வெளுத்து நிற்கும் மரங்களையும் அவற்றின் கீழே நெருக்கமாக எழும் இளங்காட்டையும் ஒருசேரப் பார்த்திருப்பார்கள். வெளுத்தவை 2009இல் செத்தவை. இளங்காடு அதன் பின் வந்தது.

இருபது ஆண்டுக் கழித்தல் கணக்கு

இங்கேதான் எங்கள் உறுத்தல் தொடங்குகிறது. ஒரு ஆஷ் கன்று, எரிந்த காட்டை மீட்கும் அளவுக்கு விதை சேர்க்க ஏறக்குறைய 20 ஆண்டுகள் வேண்டும். அதற்கு முன் இரண்டாவது தீ வந்தால் இளமரங்கள் சாகும், கொட்டுவதற்கு மேலே விதை இருக்காது. அந்தச் சரிவில் பிறகு வருவது வட்டில் என்ற சிறுமரமும் புதரும் புல்லும்தான். விதைநெல் வைப்பதற்கு முன்பே களஞ்சியம் எரிந்துபோன கமக்காரனின் நிலை அது. நிலம் இருக்கும், மழை இருக்கும், விதைக்க ஒன்றும் இருக்காது.

இது கற்பனை அல்ல. மவுண்டன் ஆஷுக்கு மேலே, இன்னும் குளிரான உயரத்தில் அல்பைன் ஆஷ் என்ற உறவினம் வளர்கிறது. அதுவும் விதையை மட்டும் நம்பியது. 2003இல் விக்ரோரியாவின் கிழக்கு மலைகளில் பத்து இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் எரிந்தது. 2006 டிசம்பரில் தொடங்கிய தீ 69 நாள்கள் எரிந்து மறுபடி பத்து இலட்சத்தைத் தாண்டியது. 2013இல் ஹரியற்வில் பக்கம் எரிந்தது. பிறகு 2019-20 கோடை. முதல் தீக்கும் கடைசித் தீக்கும் இடையில் 17 ஆண்டுகளே. இந்த நான்கில் இரண்டோ மூன்றோ தடவை எரிந்த சரிவுகள் உண்டு. அங்கே அல்பைன் ஆஷ் தானாக வரவில்லை.

எனவே அரசு விதையைக் கையில் எடுத்தது. நின்ற மரங்களிலிருந்து விதை சேர்த்து, களஞ்சியப்படுத்தி, ஹெலிகொப்ரரில் ஏற்றி, எரிந்த சரிவுகளில் தூவினார்கள். 2019-20 தீக்குப் பிறகு பல ஆயிரம் ஹெக்டேயருக்கு இப்படி விதைக்கப்பட்டது. பல இடங்களில் கன்றுகள் வந்திருக்கின்றன. ஆனால் இந்த மரங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. நல்ல ஆண்டில் சேர்த்தால்தான் உண்டு. ஒரே கோடையில் பெரும்பரப்பு எரிந்தால், எவ்வளவு காசு ஒதுக்கினாலும் தூவக் கையிருப்பில் இருக்கும் விதை போதாது. பணத்தைக் கொடுத்து உடனே வாங்க முடியாத சொத்து இது.

இப்போது திகதிகளைப் பார்ப்போம். 2009 தீக்குப் பின் முளைத்த மவுண்டன் ஆஷ் காடு 2029 அளவில்தான் இருபதைத் தொடும். 2020இல் தூவிய அல்பைன் ஆஷ் 2040 அளவில். 2003இல் முளைத்து அதன் பின் எரியாமல் தப்பிய பகுதிகள் மட்டும் இப்போதுதான் வயது தாண்டியிருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் வைப்புகளில் பெரும்பகுதி இன்னும் முதிர்வடையாத நிலையில், அதன் பணிப்பாளர்கள் "எங்களிடம் சொத்து நிறைய உண்டு" என்று சொன்னால் எந்தக் கணக்காய்வாளரும் கையொப்பமிட மாட்டார். "காடு மீண்டுவிட்டது, பச்சையாக இருக்கிறது" என்று அமைச்சர்கள் சொல்வதும் அப்படித்தான். பச்சையாக இருப்பது உண்மை. அடுத்த தீயைத் தாங்கும் வயது வந்துவிட்டதா என்பது வேறு கேள்வி.

ஆய்வாளர்கள் இதைத் தீ இடைவெளி நெருக்கடி என்ற பொருளில் பேசுகிறார்கள். காலநிலை சூடாகும்போது தீக்கு இடையிலான ஆண்டுகள் குறைகின்றன. அதே வேளை வரட்சியால் மரங்கள் வளரும் வேகமும் விதை வைக்கும் அளவும் குறைகின்றன. ஒரு பக்கம் தவணை முன்னால் வருகிறது, மறுபக்கம் வருமானம் சுருங்குகிறது.

உச்சியில் நிற்பவை

ஆஷ் காட்டுக்கும் மேலே, மரம் வளரக்கூடிய கடைசி எல்லையில் ஸ்னோ கம் என்ற பனிமரங்கள் நிற்கின்றன. வளைந்து நெளிந்து, பட்டையில் பல நிறம் ஓடும் மரங்கள். இவற்றுக்கு அடியில் மரக்கிழங்கு உண்டு. எரிந்தாலும் காலடியிலிருந்து துளிர்க்கும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் ஒவ்வொரு தடவையும் துளிர்க்கிறது. சில ஆண்டு இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவது தடவை எரிந்த இடங்களில் எழாமல் போன மரங்களின் தொகை கூடுகிறது. போதாக்குறைக்கு, பட்டைக்குள் துளைக்கும் உள்நாட்டு வண்டொன்று எரியாத பனிமரங்களையும் பல மலைகளில் கொன்றுவருகிறது.

மலைப்புல் வெளிகள் சில ஆண்டுகளில் மூடிக்கொள்கின்றன. ஆனால் அவற்றுக்கிடையே உள்ள பாசிச் சதுப்புகள் அப்படியல்ல. பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்து, கோடையில் மெல்லக் கசியவிடும் அந்தப் பாசி எரிந்தால் மீளப் பல பத்தாண்டுகள் செல்லும். ஆறுகளின் தலைவாசல் அங்கேதான்.

மாடுகளை மலையில் மேயவிட்டால் தீ குறையும் என்ற வாதம் இங்கே நெடுங்காலமாக உண்டு. 2005இல் விக்ரோரிய அரசு அல்பைன் தேசியப் பூங்காவில் மேய்ச்சலை நிறுத்தியபோது மலைக் கால்நடைக்காரர்கள் குதிரையேறி நகருக்கு வந்து எதிர்த்தார்கள். தலைமுறையாகச் செய்த தொழில் போகும்போது வரும் வலி எமக்குப் புரியாததல்ல. ஆனால் 2003இல் எரிந்த பகுதிகளை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, மாடு மேய்ந்த நிலத்துக்கும் மேயாத நிலத்துக்கும் எரிந்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நன்றாக எரிந்தது புதர்தான், மாடுகள் விரும்பித் தின்பது புல்லை.

குழாயில் வரும் பங்கு

இதெல்லாம் மலையில் நடப்பது, டன்டினோங்கிலோ கிளேட்டனிலோ இருக்கும் எமக்கு என்ன என்று கேட்கலாம். மெல்பேர்ணின் குடிநீரில் பெரும்பகுதி இந்த ஆஷ் காடுகளின் சரிவுகளிலிருந்துதான் வருகிறது. தொம்சன், அப்பர் யாரா, மருண்டா, ஓஷனசி ஆகிய நீர்ப்பிடிப்புகளுக்குள் பொதுமக்களை விடுவதில்லை. நகரின் மொத்த நீர்க்கொள்ளளவில் ஏறக்குறைய 60 வீதம் தொம்சன் அணையில் இருக்கிறது.

முதிர்ந்த ஆஷ் காடு குறைவாகக் குடிக்கும். தீக்குப் பின் நெருக்கமாக எழும் இளங்காடு அதிகம் குடிக்கும். ஜோர்ஜ் குசேரா என்ற நீரியலாளர் 1939 தீக்குப் பின் ஆறுகளில் வந்த நீரின் பதிவுகளைக் கொண்டு 1980களில் இதை வரைந்து காட்டினார். முழுமையாக எரிந்த ஆஷ் சரிவிலிருந்து வரும் நீர், தீக்குப் பின் 20 முதல் 30 ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறையலாம். பழைய அளவுக்குத் திரும்ப நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். தீ அணைந்து, செய்தியாளர்கள் போய், பத்துத் தேர்தல்கள் முடிந்த பிறகும் அதன் விலை குழாயில் வந்துகொண்டிருக்கும்.

உடனடிச் செலவும் உண்டு. 2003இல் கன்பராவின் கொற்றர் நீர்ப்பிடிப்பு எரிந்தபோது, பிறகு பெய்த மழை சாம்பலையும் மண்ணையும் அணைக்குள் அள்ளிவந்தது. நகரம் புதிய நீர் சுத்திகரிப்பு நிலையமொன்றைக் கட்டவேண்டியதாயிற்று. மெல்பேர்ணுக்கு வோந்தகியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2012 முதல் இருக்கிறது. ஆண்டுக்கு 15,000 கோடி லீற்றர் தரக்கூடியது. அதற்கான செலவு, நீர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், எமது தண்ணீர்ப் பட்டியலில் சேர்கிறது. மலை தரும் நீர் குறையும் ஒவ்வொரு ஆண்டும் அந்த ஆலையின் பங்கு கூடும்.

யார் சொல்வது சரி?

ஒவ்வொரு தீக்குப் பிறகும் மூன்று தீர்வுகள் மேடைக்கு வருகின்றன.

முதலாவது, முன்கூட்டியே சிறுதீ வைத்துச் சருகைக் குறைப்பது. 2009க்குப் பின் அமைந்த ஆணைக்குழு, பொதுநிலத்தில் ஆண்டுக்கு 5 வீதமாவது இப்படி எரிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. பிறகு அரசு அந்த இலக்கைக் கைவிட்டு, உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து எங்கே அதிகமோ அங்கே எரிப்பது என்ற முறைக்கு மாறியது. ஊர்களை ஒட்டிய காய்ந்த காடுகளில் இந்த முறை பயன் தரும். ஆனால் ஆஷ் காட்டில் இது நடவாது. அது ஈரமான காடு. வைத்தாலும் பிடிக்காது. பிடிக்கும் அளவுக்குக் காய்ந்த நாளில் வைத்தால் அடக்க முடியாது, மரமும் செத்துவிடும்.

இரண்டாவது, பூர்வகுடி மக்களின் பண்பாட்டு எரிப்பு. குளிர்ந்த பருவத்தில், மெல்ல, இடம் பார்த்து வைக்கும் தீ. இந்த நிலத்தைப் பல்லாயிரம் ஆண்டுகள் பார்த்தவர்களின் அறிவு அது. அவர்களிடமிருந்து நிலத்தைப் பறித்தபோது அந்த அறிவும் ஒதுக்கப்பட்டது. இன்று மீண்டும் சிறிய அளவில் இடம் கொடுக்கப்படுகிறது. ஊரை விட்டு விரட்டப்பட்டவர்கள் ஊரைப்பற்றிய அறிவை எப்படிக் காக்கிறார்கள் என்பது எமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லாத விடயம். ஆனால் எல்லாக் காட்டுக்கும் ஒரே தீ என்று பூர்வகுடி மூத்தோரே சொல்வதில்லை. எந்த இடத்தை எரிப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று அறிவதுதான் அந்த அறிவின் முக்கிய பகுதி.

மூன்றாவது, மரம் வெட்டுதல் பற்றிய சண்டை. 2024 ஜனவரி 1 முதல் விக்ரோரியாவின் அரச காடுகளில் இயற்கை மரங்களை வணிகத்துக்காக வெட்டுவது நின்றுவிட்டது. வெட்டிய பின் எழும் இளங்காடு கூடுதல் கடுமையாக எரிகிறது என்று பேராசிரியர் டேவிட் லிண்டன்மேயர் போன்றோர் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். வேறு சில காட்டியலாளர்கள் இதை மறுக்கிறார்கள். அந்த விவாதத்தில் யார் வென்றாலும் ஒன்று மாறாது. வெட்டியதாலோ எரிந்ததாலோ மலையில் இன்று முதிர்ந்த ஆஷ் காடு மிகக் குறைவு. மாநிலத்தின் சின்னமான லெட்பீற்றர் பொசம் குடியிருக்கும் மரப்பொந்து உருவாக நூறு ஆண்டுக்கு மேல் செல்லும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

எமது பார்வையில், ஆஷ் காட்டுக்கு இன்றுள்ள ஒரே நேரடித் தீர்வு மிகவும் சாதாரணமானது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு அந்த இளங்காடுகளில் மின்னல் விழுந்தவுடன் தீயை முதல் மணிநேரங்களிலேயே அணைக்க ஆளும் வானூர்தியும் இருக்கவேண்டும். அணைக்க முடியாமற் போனால் தூவ விதை இருக்கவேண்டும். இரண்டுக்கும் தொடர்ச்சியான பணம் வேண்டும். தீ எரிந்த ஆண்டில் அள்ளிக்கொடுத்து, மழை பெய்த ஆண்டில் வெட்டும் வரவு செலவுத் திட்டத்தால் 20 ஆண்டு வயதுள்ள ஒரு பொறுப்பைக் காக்க முடியாது.

பட்டியலில் உள்ள ஒரு வரி

2013 வரை தீயணைப்புக்கான வரி வீட்டுக் காப்புறுதிக் கட்டணத்தோடு சேர்த்து அறவிடப்பட்டது. காப்புறுதி எடுக்காதவர் கட்டவில்லை. அந்த அநியாயத்தை மாற்றி மாநகரசபை வரியோடு சேர்த்தார்கள். 2025 ஜூலை 1 முதல் அது அவசரசேவைகள் மற்றும் தொண்டர் நிதியம் என்ற புதுப் பெயரில், கூடிய தொகையில் வருகிறது. விவசாயிகளும் தொண்டர் தீயணைப்பாளர்களும் பாராளுமன்றத்தின் முன் கூடி எதிர்த்தார்கள். எம்மவர் வீடுகளிலும் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. வரிக் காலத்தில் எங்களிடம் அந்தத் தாளைக் கொண்டுவந்து "இது என்ன புதுசா?" என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லி நா வரண்டது.

கட்டணம் கூடியது மட்டுமே பேச்சாகிவிட்டது. அந்தப் பணத்தில் எவ்வளவு மலைக்குப் போகிறது என்பதை யாரும் கேட்கவில்லை. 2026 நவம்பர் 28இல் விக்ரோரிய மாநிலத் தேர்தல். எமது வாக்கு கேட்டு வேட்பாளர்கள் பொங்கல் விழாவுக்கும் தேர்த்திருவிழாவுக்கும் வருவார்கள். பொன்னாடை போர்த்தி, புகைப்படம் எடுத்து அனுப்புவதோடு நில்லாமல் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்.

ஆஷ் விதைக் களஞ்சியத்தில் இன்று எவ்வளவு கையிருப்பு உண்டு, 2009இல் எரிந்த பரப்பில் பாதி மறுபடி எரிந்தால் அது போதுமா? நீர்ப்பிடிப்பு மலைகளில் முதல் மணிநேரத் தீயணைப்புக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் தொகை, மழை ஆண்டிலும் குறையாது என்ற உறுதி உண்டா? வெட்டுதல் நின்றபின் வேலையிழந்த காட்டுத் தொழிலாளர்களின் இயந்திரமும் அனுபவமும் தீயணைப்பில் எவ்வளவு பயன்படுத்தப்படுகின்றன?

நாங்கள் இங்கே வந்தபோது இந்த மலைகளைப் பற்றி எமக்கு எதுவும் தெரியாது. இப்போது அவற்றின் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், அவற்றின் தீக்குத்தான் வரி கட்டுகிறோம், எமது பிள்ளைகள் பனி பார்த்தது அவற்றின் சரிவில். 2029 வரை அந்த இளங்காடு எரியாமல் நிற்கவேண்டும் என்பது எமது வீட்டுக் கணக்கிலும் வரும் ஒரு விடயம்.